‘வந்திட்டம்’ எந்தக் காலம்?

மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் சனங்களோடு கூடப்போய், இத்தாலியத்துக்கும் தமிழுக்கும் நடுவே நிற்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அண்மையில் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “அன்ரி, ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து இருந்து, ரெண்டு பக்கமும் என்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டால் என்ன செய்யிறது?” தேநீர் ஊற்றுகிற சாக்கில் பதில் சொல்லாமல் தப்பிவிட்டேன். பதில் தெரிந்திருந்தால் தப்பியிருக்கமாட்டேன். இப்போதும் தெரியாது. அந்தக் கேள்வி என்னை முதன்முதல் வந்து பிடித்த இடத்தை மட்டும் சொல்ல முடியும்.

குவெஸ்த்தூரா என்னும் பொலிஸ் தலைமையகத்து வாசலில், பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதிக்காகக் காத்து நின்றவர்களுக்கு உதவி உதவியே நான் இந்தத் தொழிலைக் கற்றேன் என்று உங்களில் பலர் நினைத்திருக்கிறீர்கள். அது பிறகு நடந்தது. நான் முதலில் கற்றது பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில், ஒரு வீட்டின் மேல்மாடியில். அங்கே நான் மொழிபெயர்த்தது இத்தாலியத்திலிருந்து இத்தாலியத்துக்கு.

அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எபிரேயம், அரமேயம் என்னும் பழைய மொழிகளை இந்த ஊரிலேயே நீண்ட காலம் கற்பித்தவர். யூதர், வட இத்தாலியில் பிறந்தவர். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் யூதர்களை வெளியேற்றிவிட்டு, அவர்களுக்கென ஒரு தொழுகைக்கூடமும் மிஞ்சாத இந்த ஊரை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“காலமை தொழுதனீரோ எண்டு கேக்க இஞ்சை ஒருதரும் இல்லை,” என்றார்.

அவர் பேசியது இத்தாலியம்தான். ஆனால் அந்த வீட்டில் பேசப்பட்ட எல்லாமே எனக்குள் எங்கள் பேச்சாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவருடைய பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் யோகம் இருந்தாள். வடமராட்சிக்காரி, என்னிலும் இளையவள், வாய் ஓயாதவள். ஆங்கிலக் கட்டுரைகளை உரக்க வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டுமென்று அவர் கேட்டபோது, ஊரில் தமிழும் ஆங்கிலமும் படிப்பித்த என்னை அவளே கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். யோகத்துக்கு நான் ரீச்சர், அவருக்கு மாயெஸ்த்ரா. இரண்டும் ஒன்றுதான். நான் வாசித்தவை எல்லாம் விவிலியத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள்: இந்த வரியை எழுதிய கை எது, பிறகு வந்து திருத்திய கை எது, இந்தச் சொல்லுக்கு எழுதிய காலத்தில் என்ன பொருள். களைத்தபோது என்னிடம் தமிழ் இலக்கணம் கேட்பார். எங்கள் வினைச்சொல்லுக்குள் காலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு குழந்தையின் ஆசை இருந்தது.

ஒரு மாசி மாதத்தில் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டதென்றும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமென்றும், செய்தாலும் ஆபத்துத்தான் என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டு வடக்கிலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கினார். நாங்கள் அவரைச் சிஞ்ஞோரா என்றே அழைத்தோம். அவர் ஒரு கையில் பிடித்த பெட்டியில் தனக்கென்று சட்டியும் கரண்டியும் கொண்டுவந்திருந்தார். மறுகையில் தோலட்டை போட்ட பெரிய நூல் ஒன்று.

“ரீச்சர், மனுசிக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை,” என்று யோகம் குசினியில் என் காதுக்குள் சொன்னாள். “எங்கடை வீடுகளிலை மச்சச் சட்டி வேறை, சைவச் சட்டி வேறை எண்டு வைக்கிறமெல்லே. அதுதான் இது. ஆனா இவர் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை, அவையின்ரை சமயத்துக்கு ஆகாத சிப்பி சாப்பிட்டிட்டு வாறவர் எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ.”

சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. கதவைத் திறந்ததும் பேராசிரியரே அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் அக்காவுக்குச் சொல்லவில்லை; என்னைப் பார்த்து, “மாயெஸ்த்ரா, அவவுக்குச் சொல்லுங்கோ, இந்த வீட்டிலை சிப்பி மணக்கும் எண்டு,” என்றார்.

இருவரும் நேராகப் பேசுவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காரணத்தை இருவருமே என்னிடம் தனித்தனியே சொன்னார்கள். அதிசயம் என்னவென்றால், இரண்டு கதைகளும் ஒன்றாகவே இருந்தன. இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் பிரார்த்தனை ஒன்று யூதர்களிடம் உண்டு. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடவுளின் பெயரைப் போற்றுவது மட்டுமே. தாயின் அடக்கத்தில் மகனை அழைத்து அதைச் சொல்லச் சொன்னார்கள். அவர் குழிக்கருகே நின்று, இது ஆதியில் இறந்தவருக்கான பிரார்த்தனையே அல்ல, பாடம் முடிந்ததும் சொல்லப்பட்டது, சாவோடு பிற்காலத்திலேதான் சேர்ந்தது என்று விளக்கினார். விளக்கிவிட்டுச் சொல்லாமல் வந்துவிட்டார். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்தினார். அவர் விளக்கியது உண்மையென்று சிஞ்ஞோராவுக்கும் தெரியும். “உண்மையைச் சொல்லுறதுக்கு அதுவோ இடம்?” என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

இப்போது அவர் வந்ததும் சமாதானம் பேச அல்ல. அந்தப் பெரிய நூலுக்காக. மறைநூலின் சட்டங்களைப் பற்றிப் பழைய ஆசான்கள் நடத்திய வாதங்களின் தொகுதிகளில் அது ஒன்று. அவர்களுடைய தகப்பனார் இருவரையும் இரண்டு பக்கத்திலும் இருத்தி அதைப் படிப்பித்துவந்தார். முடிவுக்குச் சில பக்கங்களே இருந்தபோது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு காலைப்பொழுதில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. இதற்குமேல் அவர்கள் சொல்லவில்லை. நானும் யோகமும் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படிப் போனவர்கள் இருந்தார்கள்.

அப்படி ஒரு நூலைப் படித்து முடித்தால், அந்த நூலையே பார்த்து இரண்டு பாதிகளாக ஒரு சிறு பிரார்த்தனை சொல்வது யூதர்களின் வழக்கம். “உன்னிடம் நாங்கள் திரும்புவோம்” என்பது முதற்பாதி. “நீயும் எங்களிடம் திரும்புவாய்” என்பது மறுபாதி. அவர்கள் வீட்டில் முதற்பாதியைத் தகப்பன் சொல்வார், பிள்ளைகள் மறுபாதியைச் சொல்லி நிறைவு செய்வார்கள். தகப்பனுக்குப் பிறகு முதற்பாதி மகனுடையது. சிஞ்ஞோரா வேண்டியது இவ்வளவுதான்: சத்திரசிகிச்சைக்கு முன் அந்தச் சில பக்கங்களைத் தம்பியோடு படித்து முடிக்க வேண்டும், முடிவில் அவர் வாயால் அந்த முதற்பாதியைக் கேட்க வேண்டும்.

பக்கங்களைப் படிக்கப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். “அது நூல். நூலைப் படிக்கலாம். ஆனா கடைசியிலை அந்த மந்திரம் சொல்லமாட்டன்,” என்றார்.

சாப்பாட்டு மேசைக்கு ஒருபுறம் அவர், மறுபுறம் அக்கா, நடுவில் நான். சிஞ்ஞோரா அரமேயத்தில் ஒரு வரி வாசிப்பார்; எனக்காக இத்தாலியத்தில் பொருள் சொல்வார். பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் கேளாதவர்போல என்னை நோக்கித் தலையைத் திருப்புவார். நான் அக்கா சொன்னதை மறுபடி சொல்ல வேண்டும். அவர் மறுப்பார். அந்த மறுப்பை நான் எடுத்துக்கொண்டு மேசையின் மறுபுறத்துக்குத் திரும்ப வேண்டும்.

முதல் நாளே ஒரு சண்டை. பேராசிரியர் அதற்கு முந்திய கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அதைக் கேட்ட சிஞ்ஞோரா, “பிள்ளை, அவனுக்குச் சொல்லு: விழுந்தது போதும், இனி விழான், எழும்பட்டாம் எண்டு,” என்றார்.

“அவவுக்குச் சொல்லுங்கோ, தீர்க்கதரிசி அப்பிடிச் சொல்லேல்லை எண்டு.”

விழுந்தவர் இவர், தீர்க்கதரிசி எங்கிருந்து வந்தார் என்று நான் விழித்தேன். விளங்க எனக்கு அன்றைய பகல் முழுவதும் எடுத்தது. பழைய தீர்க்கதரிசி ஒருவர் தன் மக்களை ஒரு பெண்ணாகப் பாவித்து, அவள் விழுந்துவிட்டாள், இனி எழமாட்டாள் என்று புலம்புகிறார். ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் குழப்பம் இல்லை: சாவீட்டு ஒப்பாரி வடிவம், கருத்தும் அதுவே. ஆனால் எபிரேயத்தில் சொற்களின் வரிசை ‘விழுந்தாள், இனிமேல் இல்லை, எழு’ என்பதுபோல வருமாம். மூச்சைக் கடைசியில் விட்டால் அவள் எழவே மாட்டாள். ‘இல்லை’க்குப் பின்னால் விட்டால், இனி விழமாட்டாள், எழு என்று கட்டளையாகிவிடும். அந்தப் புலம்பலைத் தாங்க முடியாத பழைய ஆசான்கள் ஓர் எழுத்தையும் தொடாமல் மூச்சு விடும் இடத்தை மட்டும் மாற்றி வாசித்தார்கள்.

“அவவுக்குச் சொல்லுங்கோ, அது வாசிப்பில்லை. தண்ணிக்குள்ளை விழுந்தவனைத் தலைமயிரிலை பிடிச்சு இழுக்கிறது.”

“அவனிட்டைக் கேள், வேறை என்னத்துக்கு வாசிக்கிறதாம்?”

குசினி வாசலில் நின்ற யோகம் தமிழில் முணுமுணுத்தாள்: “ஒரு கொம்மாவுக்கு இவ்வளவு சண்டையே? உவை ரெண்டுபேருக்கும் பசிக்கேல்லைப் போலை.”

“அவ என்ன சொல்லுறா?” என்று இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் கேட்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் வசனம் அது.

நான் அன்று அடிபட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஒரு வரியைக் கேட்டுவிட்டு, “அவவுக்குச் சொல்லுங்கோ, இது விசர்க் கதை,” என்றார். நான் திரும்பி, “பேராசிரியர் இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டப்படுகிறார்,” என்றேன். சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, எனக்குக் காது செவிடில்லை. அவன் விசர்க் கதை எண்டு சொன்னவன். அதை எனக்குத் தா. அவன் என்னோடை கோவிச்சு எத்தனை காலம். அதையும் நீ எடுத்து வைச்சுக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?”

சினத்தைத் துடைத்துவிட்டுக் கொடுப்பதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அதுவும் அவருக்குச் சேரவேண்டிய பொருள் என்று நான் யோசித்ததே இல்லை. நீங்கள் வைத்தியர் முன்னாலும் நீதிபதி முன்னாலும் ஒரு தகப்பனின் ஏச்சை மெதுவாக்கும்போது, யாருடைய பொருளை எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எப்போதும் அப்படியே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். கொடுத்து வம்பில் மாட்டிய நாட்களும் உண்டு.

பக்கங்கள் மெல்ல நகர்ந்தன. ஒவ்வொரு வரிக்கும் பேராசிரியர் ஓர் ஆட்சேபம் வைத்திருந்தார். நூல் முடிந்தால் அந்தப் பிரார்த்தனை வந்து நிற்கும் என்பதற்காக இழுத்தடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, மேசையின் மறுபுறத்தில் அக்கா இருப்பது முடிந்துவிடக் கூடாது என்பதற்காக இழுக்கிறாரோ என்றும் தோன்றியது. கேட்கத் துணியவில்லை. யோகத்தின் கணவர் சியாகுல்லித் தோட்டங்களில் வேலை. அவர் கொண்டுவந்து தரும் மண்டரின் தோடம்பழங்களை மட்டும் சிஞ்ஞோரா எங்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுவார். உரித்துப் பாதியை மேசையின் நடுவில், என் முன்னால் வைப்பார். அதைத் தம்பியின் பக்கம் தள்ளுவதும் என் வேலையாகிவிட்டது.

ஒருநாள் பேராசிரியர் சொன்னார்: “அவவுக்குச் சொல்லுங்கோ. அம்மாவின்ரை குழியடியிலை எனக்குக் குரல் வரேல்லை. விளக்கம்தான் வந்தது.”

நான் திரும்பினேன். சொல்லத் தேவையில்லை, அவர் கேட்டுவிட்டார். ஆனாலும் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். சிஞ்ஞோரா விரலை வரியின்மேல் வைத்தபடி இருந்தார்.

“அவனுக்குச் சொல்லு, அடுத்த வரி வாசிக்கிறன் எண்டு.”

பிரார்த்தனையைப் பற்றிய வாதம் மட்டும் தீரவில்லை. அதன் முதற்சொல் ‘ஹத்ரான்.’ மரபாக ஓதுகிறவர்கள் அதை, திரும்புவோம் என்ற வாக்குறுதியாகவே கொள்கிறார்கள். எங்கள் மகிமை உன்மேல் என்று பொருள் கொள்கிறவர்களும் உண்டாம். பேராசிரியர் இரண்டையும் ஏற்கவில்லை. இலக்கணப்படி அது இறந்தகாலம் என்றார்: உன்னைத் திரும்பப் படித்தோம், முடித்தோம், அவ்வளவே. நடக்கப்போவதைத் தீர்க்கதரிசிகள் நடந்துவிட்டதாகச் சொல்வதில்லையா என்று சிஞ்ஞோரா கேட்டனுப்பினார். அது தீர்க்கதரிசிகளுக்கு, இது பாடம் முடித்த மாணவர்கள் சொன்னது என்று பதில் போயிற்று. இருவரும் சொன்னது எனக்குச் சரியாகப்பட்டது. ஒருவர் பக்கம் திரும்பும்போது அவர் சொல்வதே சரியென்றும், மறுபக்கம் திரும்பும்போது அதுவே சரியென்றும் தோன்றும் இந்த நோய் எனக்கு அங்கேதான் தொற்றியது. இன்னும் மாறவில்லை.

சத்திரசிகிச்சை நாள் வந்தபோதும் கடைசிப் பக்கம் முடியவில்லை. காலையில் மருத்துவமனை அறையில், தள்ளுகட்டிலில் அவரைக் கிடத்தியிருந்த நிலையில் சிஞ்ஞோரா மிச்ச வரிகளை வாசித்தார். முதன்முறையாகப் பேராசிரியர் ஓர் ஆட்சேபமும் சொல்லவில்லை. கடைசி வரி முடிந்ததும் சிஞ்ஞோரா நூலை மூடினார்.

“பிள்ளை, அவனிட்டைக் கேள். சொல்லப்போறானோ, இல்லையோ?”

“அவவிட்டைக் கேளுங்கோ, எந்தக் காலத்திலை எண்டு.”

“அவனுக்குச் சொல்லு, கடவுளுக்கு அரமேயம் தெரியும். அவன் வாயைத் திறந்தால் போதும்.”

“கடவுளுக்குத் தெரிஞ்சால் காணாது, எனக்கும் தெரிய வேணும். எதிர்காலம் எண்டால் என்னாலை ஏலாது. திரும்பி வாறன் எண்டு பொய்க்கு வாக்குக் குடுத்திட்டுப் போகமாட்டன்.”

கட்டிலைத் தள்ளவந்த பணியாளர் பொறுமையிழந்து கம்பியில் தட்டினார். “போவமோ, புரொபெசோரே? மேலை பாத்துக்கொண்டு நிக்கினம்.”

பேராசிரியர் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தார். “மாயெஸ்த்ரா, உங்கடை மொழியிலை சொல்லுங்கோ. கெதியா. யோசியாமல். உங்கடை மொழி எந்தக் காலத்தைத் தருகுது எண்டு பாப்பம்.”

சிஞ்ஞோராவும் என்னையே பார்த்தார்.

எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ‘திரும்புவோம்’ என்றால் இவர் சொல்லமாட்டார். ‘திரும்பினோம்’ என்றால், அதன் பொருளைச் சிஞ்ஞோரா கேட்பார்; நான் சொல்லியாக வேண்டும். இரண்டில் எதையும் நான் தெரிந்தெடுக்கவில்லை. யோசிக்காமல் சொல்லச் சொன்னார்; யோசிக்காமல் வாயில் வந்தது:

“உன்னட்டை வந்திட்டம்.”

அவருடைய முகம் மலர்ந்தது. “ரெண்டு ‘ட்’ கேட்டுது. இறந்தகாலம். பிறாவா, மாயெஸ்த்ரா.” பிறகு மேற்கூரையைப் பார்த்துத் தெளிவாக, வகுப்பில் சொல்வதுபோல, “ஹத்ரான் அலாக்” என்றார்.

கட்டில் நகர்ந்தது. சிஞ்ஞோரா மறுபாதியைச் சொல்ல வேண்டும். அவருடைய உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பியபோது கதவு மூடிவிட்டது.

பேராசிரியர் சத்திரசிகிச்சையிலிருந்து மீளவில்லை.

பிறந்த ஊருக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுகள் முடியும்வரை உடல் மருத்துவமனையின் கீழ்த்தளத்து அறையில் இருந்தது. யூத வழக்கப்படி அதைத் தனியே விடக் கூடாது. சிஞ்ஞோரா அருகில் இருந்தார்; நானும் யோகமும் வெளியே நடைபாதை வாங்குப் பலகையில் இருந்தோம். அங்கேதான் நான் யோகத்துக்கு நடந்ததைச் சொன்னேன். எனக்குள் அது அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ‘வந்திட்டம்’, அதாவது வந்துவிட்டோம் என்பது, இறந்தகாலம்தான், வடிவத்தில். ஆனால் அதைச் சொல்லும்போது பல வேளை நாங்கள் வந்திருப்பதில்லையே. நடக்கப்போவதன் விரைவையும் உறுதியையும் காட்ட அதை நடந்ததாகச் சொல்வதைப் பள்ளிக்கூட இலக்கணத்தில் காலவழுவமைதி என்று நானே படிப்பித்திருக்கிறேன். அவர் காதில் விழுந்தது இறந்தகாலம். நான் சொன்னது வேறு. அந்த வித்தியாசத்தை விளக்க ஒரு நிமிடம் இருக்கவில்லை.

“ரீச்சர், நீங்கள் என்ன கதைக்கிறியள்?” என்றாள் யோகம். “அந்தாளுக்கு அது விளங்காமல் இருந்திருக்குமோ? மணி அடிச்சுக் கூப்பிடேக்கை நான் குசினியிலை கிண்டிக்கொண்டு நிண்டு ‘வந்திட்டன், வந்திட்டன்’ எண்டு கத்துவன். அங்கை இருந்து ‘எப்ப வந்தனீர்?’ எண்டு தமிழிலை கேக்கும். நான்தான் அந்தப் பகிடியைப் பழக்கினனான்.”

“விளங்கித்தானோ கேட்டவர்?”

அவள் யோசித்தாள். “அதுதானே தெரியேல்லை. கிளி மாதிரித் திருப்பிச் சொன்னாரோ, என்னைப் பகிடி பண்ணினாரோ. சிரிக்கிற மாதிரித்தான் கிடந்தது. ஆனா அவர் எல்லாத்துக்கும் அப்பிடித்தானே சிரிக்கிறவர்.”

கொஞ்சம் தெளிந்திருந்த நீரும் கலங்கிப்போயிற்று. கதவு திறந்து சிஞ்ஞோரா வந்து எங்களுக்கு நடுவில் அமர்ந்தார். யோகம் ஒரு மண்டரினை உரித்துக் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்தார்.

“பிள்ளை, அவன் வாயடியிலை நிண்டது நீ. எந்தக் காலத்திலை சொன்னவன்?”

என் தொழில் வாழ்வில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடப் பாரமானது வேறில்லை. அவருக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். தம்பி தன்னிடமும் தகப்பனிடமும் அந்த மேசைக்கும் திரும்ப விரும்பினாரா, இல்லை, முடித்தோம் என்று சொல்லி எழுந்து போனாரா? ‘திரும்புவோம் என்றுதான் சொன்னார்’ என்று நான் சொன்னால் மறுக்க உலகத்தில் எவரும் இல்லை. இத்தாலியத்தில் அது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அது பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை, அதுதான் குழப்பம். நான் சொன்ன தமிழுக்கு அந்தப் பொருளும் உண்டே.

நான் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். அவர் என்ன கேட்டார், என் வாயில் என்ன வந்தது, எங்கள் மொழியில் அது எப்படி எப்படி வழங்கும், அவர் அதில் எதைக் கேட்டு மகிழ்ந்தார், யோகம் இப்போது என்ன சொல்கிறாள்.

சிஞ்ஞோராவுக்குக் கோபம் வந்தது. “ஒரு சொல்லுக் கேட்டால் நாலு கதை சொல்லுறாய். அவன் என்ன நினைச்சான் எண்டு சொல்லு.”

“தெரியாது, சிஞ்ஞோரா.”

“நீ மொழிபெயர்க்கிறவளோ, இல்லையோ?”

“சொன்னதைத்தான் பெயர்க்கலாம். நினைச்சது என்னட்டை வரேல்லை.”

அதைத் துணிவினால் சொன்னதாக நீங்கள் நினைக்கக் கூடாது. வேறு வழி தெரியாமல் சொன்னேன். அந்த ஒரு சொல்லைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பின்னர் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன்.

சிஞ்ஞோரா மடியிலிருந்த பழத்தைக் கையில் எடுத்தார். பிறகு வேறொரு குரலில், வகுப்பில் சந்தேகம் கேட்கும் பிள்ளையின் குரலில் கேட்டார்:

“ஹத்ரான் எண்டுதானே சொன்னவன்? கடைசி எழுத்து உனக்கு வடிவாய்க் கேட்டதோ?”

“ஓம். ‘ன்’ எண்டு முடிஞ்சது.”

“அந்த ‘ன்’ ஒருமையோ பன்மையோ? அவன் உனக்குச் சொல்லித் தந்திருப்பான்.”

“பன்மை. தன்மைப் பன்மை.”

“நாங்கள்.”

“ஓம், சிஞ்ஞோரா. நாங்கள் எண்டுதான் சொன்னவர். அதிலை எனக்குச் சந்தேகமில்லை.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டு, மற்றதை யோகத்திடம் நீட்டினார். எழுந்து சட்டையை நீவிக்கொண்டு அறை வாசலுக்குப் போனார். நான் பழக்கதோஷத்தில் பின்னால் எழுந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“வேண்டாம், பிள்ளை. நீ இஞ்சை இரு.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு மெல்லியது. “லேலோ,” என்று கூப்பிடுவது கேட்டது. தம்பிக்கு அப்படி ஒரு வீட்டுப் பெயர் இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு தணிந்த குரலில் அரமேயம். சொல்லப்படாமல் நின்றுபோன மறுபாதி.

அதை எந்தக் காலத்தில் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு நடைபாதையில் தள்ளிப் போனேன்.